தேசிய பூங்கா நுழைவுச்சீட்டு: பார்க்கப் போகிறவர்களும் அங்கேயே பிழைப்பவர்களும் அறிய வேண்டியவை

இலங்கையில் தேசிய பூங்கா ஒன்றின் வாசலில் பணம் கட்டிப் பெறும் சீட்டு வெறும் பற்றுச்சீட்டு அல்ல. சட்டத்தின் பார்வையில் அது ஓர் அனுமதிப்பத்திரம். யாலவுக்கோ வில்பத்துவுக்கோ பிள்ளைகளுடன் சுற்றுலா போகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் சுண்டிக்குளத்தில் வலை வீசுகிறவருக்கும் நெடுந்தீவில் மாடு மேய்க்கிறவருக்கும் எல்லாமே அந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

2015 ஜூன் 22ஆம் திகதி வடக்கில் ஒரே நாளில் நான்கு தேசிய பூங்காக்கள் பிரகடனப்படுத்தப்பட்டன: சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடு வீதி, இராமர் அணை. மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். அதாவது கடைசியாக முகாமை விட்டு வெளியேறிய சனம் ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள்கூட ஆகாத வேளையில் இந்த அறிவித்தல் வந்தது. வீட்டுக்குக் கூரை போடுவதிலும் காணாமற்போன உறவுகளைத் தேடுவதிலும் நின்ற மக்களில் எத்தனைபேர் அந்த வர்த்தமானியை வாசித்திருப்பார்கள்?

இந்தக் கட்டுரை இரண்டு வகையான வாசகர்களுக்காக எழுதப்படுகிறது: பூங்காவுக்குள் போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள், பூங்கா தங்கள் தொழில் நிலத்துக்குள் வந்துவிட்டவர்கள். சில குடும்பங்கள் இரண்டிலும் அடங்கும்.

சட்டம் சொல்வது

அடிப்படைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1938 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. 1993இலும் 2009இலும் வந்த திருத்தங்கள் முக்கியமானவை. நடைமுறைப்படுத்துவது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். எங்கள் பக்கத்தில் இதையும் வனவளப் பாதுகாப்புத் திணைக்களத்தையும் சேர்த்து 'வனத்துக்காரர்' என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு, சட்டங்களும் வேறு. வனவளத் திணைக்களம் ஒதுக்கக் காடுகளுக்குப் பொறுப்பு, தேசிய பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வனஜீவராசிகள் திணைக்களம் பொறுப்பு. எல்லைக்கல்லை நட்டவர் யார் என்று தெரியாமல் மனுவைத் தவறான கந்தோருக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தால் இழப்பு எங்களுக்குத்தான்.

சட்டத்தின் 2ஆம் பிரிவு இரண்டு பெரிய வகைகளைச் சொல்கிறது. ஒன்று தேசிய ஒதுக்கம். தேசிய பூங்கா, இயற்கை ஒதுக்கம், கண்டிப்பான இயற்கை ஒதுக்கம் போன்றவை இதற்குள் அடங்கும். மற்றது சரணாலயம். தேசிய ஒதுக்கத்தை அரச காணியில் மட்டுமே பிரகடனப்படுத்தலாம். சரணாலயத்துக்குள் அரச காணியும் தனியார் காணியும் இருக்கலாம். சரணாலயத்துக்குள் நுழைவதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை; வேட்டையாடுவது, கூடுகளைக் கலைப்பது போன்ற செயல்கள்தான் தடை. தேசிய பூங்காவிலோ நுழைவதற்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். அதுவும் தாவரங்களையும் விலங்குகளையும் பார்ப்பதற்கும் கற்பதற்கும் தரப்படும் அனுமதி.

சீட்டு வாங்கினால் பார்க்கலாம். வலை வீச முடியாது, விறகு எடுக்க முடியாது, மாட்டை ஓட்டிக்கொண்டு போக முடியாது. 'காசைக் கட்டிவிட்டுப் போய்த் தொழில் செய்யலாம்தானே' என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

இயற்கை ஒதுக்கம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. ஏற்கனவே அங்கு நடந்துவந்த பாரம்பரிய மனித நடவடிக்கைகள் தொடர அதில் இடமுண்டு. மன்னார் விடத்தல்தீவு 2016இல் இந்த வகையில்தான் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆகவே பலகையில் உள்ள பெயர் சும்மா பெயர் அல்ல. ஊரவருக்கு எது குற்றம், எது குற்றமில்லை என்பதை அந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது.

வாசலில் கட்டும் பணம்

கட்டணப் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறுகிறது. பூங்காவுக்குப் பூங்காவும் மாறுகிறது. அதனால் ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு போவதைவிட, தொகை எப்படிக் கூடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, ஆளொன்றுக்கான நுழைவுக் கட்டணம். இது உள்ளூரவர், வெளிநாட்டவர் என்றும் பெரியவர், சிறுவர் என்றும் பிரிக்கப்படும். இரண்டாவது, குழுவுக்கான சேவைக் கட்டணம். மூன்றாவது, வாகனக் கட்டணம். இவற்றின் மேல் பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி 1 முதல் அதன் வீதம் 18 சதவீதம். சேவைக் கட்டணமும் வாகனக் கட்டணமும் ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. எனவே ஒரு ஜீப்பில் இரண்டுபேர் போவதைவிட ஆறுபேர் போனால் தலைக்கு விழும் செலவு நன்றாகக் குறையும்.

உள்ளூரவருக்கும் வெளிநாட்டவருக்கும் இடையிலான வித்தியாசம் மிகப் பெரியது. கடந்த தசாப்தத்தில் நீண்ட காலம் யாலவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு 15 டொலரும் குழுவுக்கு 8 டொலர் சேவைக் கட்டணமும் அறவிடப்பட்டன. அதே வாசலில் உள்ளூர்ப் பெரியவருக்கு 60 ரூபா. பின்னர் கட்டணங்கள் உயர்த்தப்பட்டாலும் இந்த இடைவெளி மாறவில்லை. வெளிநாட்டவர் கட்டணம் டொலரில் நிர்ணயிக்கப்படுவதால் ரூபாவின் மதிப்பு விழுந்தால் ரூபாக் கணக்கும் கூடும். 2022இல் அது எவ்வளவு வேகமாகக் கூடியது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

புலம்பெயர் உறவுகள் ஊருக்கு வரும்போது குழப்பம் வருவது இங்கேதான். வாசலில் பார்ப்பது பிறந்த ஊரை அல்ல, கையிலுள்ள ஆவணத்தை. ஒரே வானில் வரும் குடும்பத்தில் அம்மம்மா தேசிய அடையாள அட்டையைக் காட்டி உள்ளூர்க் கட்டணம் கட்டுவார். ரொறன்ரோவில் பிறந்த பேரன் டொலர் கணக்கில் கட்டுவான். பிறப்புச் சான்றிதழில் பருத்தித்துறை என்று இருந்தாலும் கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்கள் இலங்கைக் குடிமக்கள். அவர்கள் இலங்கை அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ கொண்டு போக வேண்டும். இது நியாயமா என்று கேட்டால், வரி கட்டும் குடிமக்களுக்குக் குறைந்த கட்டணம் என்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். எங்கள் சனத்தில் பலர் விரும்பி நாட்டைவிட்டுப் போகவில்லை என்பது கட்டணச் சாளரத்தில் பேசித் தீர்க்கக்கூடிய விடயம் அல்ல.

உள்ளூர்க் குடும்பங்களுக்கு உண்மையில் பாரமாக இருப்பது சீட்டு அல்ல, ஜீப் வாடகை. யால, வில்பத்து போன்ற இடங்களில் உயரமான, நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனம் இல்லாமல் உள்ளே போக முடியாது. வாசலுக்கு வெளியே தனியார் ஜீப்புகள் அரைநாளுக்கோ முழுநாளுக்கோ பேசிக்கொள்ளப்படும். வாடகைக்குள் நுழைவுச்சீட்டும் அடங்குமா என்பதை ஏறுவதற்கு முன்பே கேளுங்கள், பெரும்பாலும் அடங்காது. சீட்டை நீங்களே வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்வது நல்லது. வாசல்கள் வழக்கமாகக் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடப்படும். யாலவின் முதலாம் வலயம் வறட்சிக் காலத்தில், பொதுவாக செப்ரெம்பர் தொடக்கத்தில் இருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை, மூடப்படுவதுண்டு. அந்த நாட்களில் கதிர்காமம் போகிறவர்கள் யாலவையும் சேர்த்துத் திட்டமிட்டு ஏமாற வேண்டாம்.

வடக்கில் இருப்பவர்களுக்கு அருகில் உள்ள பெரிய பூங்கா வில்பத்து. புத்தளம் - அனுராதபுரம் வீதியில் இருந்து பிரிந்து போனால் ஹுனுவில்கம வாசல் வரும். புத்தளம் பக்கத்தில் எலுவன்குளம் வாசல் இருக்கிறது. ஏறக்குறைய 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இது நாட்டிலேயே மிகப் பெரிய தேசிய பூங்கா. போர் காரணமாக 1988 டிசம்பரில் மூடப்பட்டு 2003 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2006இல் மீண்டும் மூடப்பட்டு 2010 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. சிறுத்தையைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். பொன்பரப்பியில் ஆதிகாலத் தாழி அடக்கங்கள் கண்டெடுக்கப்பட்டதும் இந்தக் காட்டுக்குள்தான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போகலாம்.

கிழக்கில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு வேறு மாதிரி. 1963இல் சரணாலயமாக இருந்து 2003இல் தேசிய பூங்காவான இந்தத் தீவுக்கு ஜீப் இல்லை, படகுதான். திணைக்களச் சீட்டு ஒரு செலவு. படகு வாடகை இன்னொரு செலவு. சீட்டுப் பணம் திணைக்களத்துக்குப் போகிறது. ஊருக்கு வருவது படகுக் கூலியும், முகமூடி, நீச்சல் உபகரண வாடகையும், கரையில் உள்ள கடைகளின் வருமானமும்தான். பூங்காவால் ஊருக்கு நன்மை என்று சொல்லப்படும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். படகும் ஜீப்பும் ஊரவர் கையில் இருந்தால் நன்மை உண்டு. அவையும் வெளியாருக்குப் போய்விட்டால் ஊருக்கு மிஞ்சுவது எல்லைக்கல் மட்டுமே.

சீட்டில்லாமல் போகும் பாதைகள்

அனுமதி என்றால் கட்டணச் சீட்டு மட்டும்தான் என்று நினைக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரிகர்கள் இதற்குச் சாட்சி. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து வேலோடு புறப்பட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக நடந்து வருகிறவர்களும், கிழக்கின் ஊர்களில் இருந்து சேர்ந்துகொள்பவர்களும் உகந்தமலை முருகன் கோயிலில் கூடுவார்கள். அதற்கப்பால் குமண, யால என்ற இரு தேசிய பூங்காக்களின் காடு. வாகூரவெட்டை, குமுக்கனாறு, நாவலடி, வியாழை என்று தமிழில் பெயர் சொல்லி நடந்த பாதை, பூங்காக்கள் உருவாவதற்கு மிக முந்தியது.

கதிர்காம ஆடிவேல் விழாவை ஒட்டி, ஜூன், ஜூலை மாதங்களில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு இந்தக் காட்டுப்பாதை திறக்கப்படும். மாவட்டச் செயலகக் கூட்டங்களில் திகதி முடிவாகும். யாத்திரிகர்கள் உகந்தையில் பதிவு செய்துவிட்டு உள்ளே போகிறார்கள். சுற்றுலாப் பயணிக்குரிய கட்டணம் அறவிடப்படுவதில்லை. பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் கொண்டு போகக்கூடாது, குறித்த இடங்களில்தான் தங்க வேண்டும். திறக்கும் திகதி தள்ளிப்போனாலோ நாட்கள் குறைக்கப்பட்டாலோ யாழ்ப்பாணத்தில் இருந்து ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நடந்து வருகிறவர்களின் கணக்கு முழுவதும் குழம்பும். எனவே புறப்படுவதற்கு முன் அம்பாறை அல்லது மொனராகலை மாவட்டச் செயலகத்தில் அந்த ஆண்டுக்குரிய திகதியை உறுதிப்படுத்துங்கள்.

வில்பத்துக்குள் பல்லேகண்டல் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் யாத்திரிகர் உள்ளே போக ஏற்பாடு செய்யப்படுகிறது. அதே பூங்காவின் கரையில் பூக்குளம் என்ற மீன்பிடிக் கிராமமும் இருக்கிறது. ஆக, பூங்காவுக்குள் மனிதருக்கு இடமே இல்லை என்பது நடைமுறையில் சரியல்ல. நீண்டகால வழக்கம், அதை எடுத்துச் சொல்லும் அமைப்பு, ஆண்டுதோறும் உட்கார்ந்து பேசும் ஒரு மேசை - இந்த மூன்றும் இருந்த இடங்களில் வாசல் திறந்திருக்கிறது. வடக்கின் நான்கு பூங்காக்களில் முதலாவது உண்டு. மற்ற இரண்டும்தான் போதாது.

சுண்டிக்குளமும் நெடுந்தீவும்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் சந்திக்கும் கரையில் உள்ள சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அப்போது பரப்பு 11,149 ஹெக்டேயர். கனகராயன் ஆறு வந்து விழும் அந்தக் களப்பில் மாரிக்குப் பிறகு பூநாரைகள் வந்து இறங்கும். அதே களப்பில்தான் இறாலும் மீனும். எழுபத்தேழு ஆண்டுகள் சரணாலயமும் தொழிலும் ஒரே இடத்தில் இருந்தன, ஏனென்றால் சரணாலயத்துக்குள் போக அனுமதிப்பத்திரம் தேவைப்படவில்லை. 2015இல் தேசிய பூங்காவானபோது பரப்பு 19,565 ஹெக்டேயர் ஆனது. எட்டாயிரம் ஹெக்டேயருக்கு மேல் கூடியது மட்டுமல்ல, வகையும் மாறியது. மேலே சொன்ன அந்த ஒரு சொல் இங்கே மாறியது.

நெடுந்தீவில் பூங்காவின் பரப்பு 1,846 ஹெக்டேயர். பிற இடங்களோடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆனால் தீவே ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பூங்காவாகிவிட்டது. அந்தக் குதிரைகள் போர்த்துக்கேயர் காலத்தில் இருந்து அங்கு வாழ்கின்றன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் தீவாருக்கு மாற்றுக் கருத்து இல்லை. வறட்சியில் குதிரையும் மாடும் ஒரே கேணியைத் தேடும் நிலத்தில், மேய்ச்சல் எங்கே முடிகிறது, பூங்கா எங்கே தொடங்குகிறது என்பதுதான் கேள்வி.

இந்தப் பூங்காக்கள் காரணமில்லாமல் வரவில்லை. வட மாகாணத்துக்கான ஒருங்கிணைந்த மூலோபாய சூழல் மதிப்பீடு 2014இல் வெளியானது. போர் முடிந்தபின் காடும் கரையும் கட்டுப்பாடின்றி அழிந்துவிடக்கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. மணல் அள்ளுகிறவர்களிடமிருந்தும் மரம் வெட்டுகிறவர்களிடமிருந்தும் எங்கள் நிலத்தைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் 'எல்லை போட்டாயிற்று, இனி மாற்ற முடியாது' என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தில் இருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி 2024 மே மாதம் வெளியானது. சூழல் அமைப்புகள் வழக்குத் தொடர, ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. முதலீட்டுக்காக எல்லையை நகர்த்த முயன்ற அரசிடம், தொழில் செய்யும் மக்களும் எல்லையைப் பற்றிப் பேசலாம்.

கையில் இருக்க வேண்டியவை

தேசிய பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும் என்பதால், எல்லைக்குள் உறுதிக்காணி வைத்திருப்பவரின் உறுதி முக்கியமான ஆவணம். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். பேமிற் காணி என்றால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவைக் கேட்டுப் பெறுங்கள். கடற்றொழிலாளருக்குப் படகுப் பதிவும் தொழில் அனுமதியும் மட்டும் போதாது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கூட்ட அறிக்கைகள், உறுப்பினர் பதிவேடுகள், 1990களில் எழுதிய கடிதங்கள்கூட, அந்த இடத்தில் தொழில் நடந்தது என்பதற்குச் சான்று. பழசு என்று எரித்துவிடாதீர்கள். மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள் கால்நடைப் பதிவையும் குறியையும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

பூங்கா எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஒரு விடயம். தேசிய ஒதுக்கத்தின் எல்லையில் இருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எந்த அபிவிருத்தி வேலை செய்வதற்கும் வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும் என்று சட்டத்தின் 9அ பிரிவு சொல்கிறது. கட்டடமோ இறால் தொட்டியோ தொடங்கி, பாதியில் நிறுத்தச் சொல்லி நட்டப்படுவதைவிட முதலே கேட்டுக்கொள்வது மேல்.

யாராவது பிடிபட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்த இடத்தில் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். களப்பில் எல்லை கண்ணுக்குத் தெரியாது. பிடிபட்ட இடம் பூங்காவுக்குள்ளா வெளியிலா என்பதே வழக்கின் உயிராக இருக்கலாம். ஒரு நாள் உழைப்பைக்கூட இழக்க முடியாதவர்கள் 'குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வீட்டை போவம்' என்று முடிவெடுப்பது விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்த ஒப்புதல் பதிவாக நிற்கும். அடுத்தமுறை பிடிபட்டால் எதிராகப் பேசும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை அணுகலாம்.

எல்லை எங்கே என்று தெரியாவிட்டால் கேட்கும் உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், எல்லை வரைபடம், பிரகடனத்துக்கு முன் ஊரில் கூட்டம் நடந்ததா, நடந்திருந்தால் அதன் அறிக்கை, தொழில் செய்கிறவர்களுக்குத் தனி அனுமதி முறை உண்டா என்று தனித்தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தின் பிரதியையும், அவர்கள் தரும் ஏற்புச் சீட்டையும், சங்கத்தின் பதிவேட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.